போர்குண்ட் மரத்தேவாலயம்: வின்தெல்லா பாதையில் நடை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஜூலையில் நார்வேயின் லேர்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் போர்குண்ட் மரத்தேவாலயத்திற்குச் செல்கிறோம். வாசலில் காரை நிறுத்திப் படம் எடுத்துத் திரும்பாமல், ஒஸ்லோவையும் பெர்கனையும் இணைத்த பழைய அரசர் சாலையின் வின்தெல்லாப் பகுதியையும் நடந்து பார்க்க எண்ணம். அறுபதைக் கடந்த என் தந்தையால் அந்த ஏற்றத்தில் ஏற முடியுமா? நடையை முதலில் முடிப்பதா, தேவாலயத்தை முதலில் பார்ப்பதா?

மறுமொழி 1

நிதானமாக நடப்பவர் என்றால் ஏறிவிடுவார். 1790களில் வண்டிகளுக்காகப் போடப்பட்ட இந்தச் சாலை குதிரைகளே திணறும் அளவுக்குச் செங்குத்தாக இருந்ததால், 1840களில் கொண்டை ஊசி வளைவுகளோடு திருத்தி அமைத்தார்கள். சாந்தின்றிக் கல்லடுக்கிய தாங்குசுவர்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஆனால் பலர் திரும்பி வரும் ஸ்வெர்ரே பாதை வேரும் கல்லுமான ஒற்றையடிப் பாதை. மழை பெய்திருந்தால் தந்தையாரை வந்த வழியே அழைத்து வாருங்கள். நடையை முதலில் முடிப்பதே நல்லது.

மறுமொழி 2

வரிசையில் மட்டும் மாறுபடுகிறேன். சுற்றுலாப் பேருந்துகள் வருமுன், காலையில் தேவாலயத்தைப் பாருங்கள். உட்புறம் சிறியது, உயரத்தில் உள்ள சிறு வட்டத் துளைகள் வழியே மட்டுமே வெளிச்சம் வருவதால், கண் பழகச் சற்று நேரம் வேண்டும், கூட்டத்தில் அது கிடைக்காது.

உள்ளே போகுமுன் சுவரின் அடியைக் கவனியுங்கள். முற்காலத் தேவாலயங்களில் தூண்களை மண்ணில் நட்டார்கள், அவை உளுத்துப் போயின. இங்கே கல் அடித்தளத்தின் மேல் கிடத்திய உத்திரங்களில் தூண்கள் நிற்பதால் ஈரம் ஏறவில்லை. 1180ஐ ஒட்டி வெட்டப்பட்ட பைன் மரம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இதுவும், மேலே பூசும் பைன் தாரும் காரணம். வெயில் நாளில் அந்தத் தார் மணக்கும். சட்டையில் ஒட்டினால் போகாது, சாய்ந்துவிடாதீர்கள். கீழ்க்கூரை முகப்புகளில் சிலுவையும் மேற்கூரையில் டிராகன் தலைகளும் இருப்பதை அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்.

மறுமொழி 3

ஒரு சிறு சேர்க்கை. பக்கத்தில் நிற்கும் 1868ஆம் ஆண்டுத் தேவாலயத்தைப் பலரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வழிபாடு அங்கே மாறியதால்தான் பழையதைப் பெரிதாக்கத் தேவை எழவில்லை. 1877இல் தொன்மைச் சின்னப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கியது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. காலையில் தேவாலயம், பிறகு வின்தெல்லா. மழை என்றால் ஸ்வெர்ரே பாதையை விட்டுவிடுகிறோம்.