தொழிலையே மாற்ற வேண்டிய வேளையா இது?

அனைவருக்கும் வணக்கம். 11 ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி வரும் நான், இப்போது எனக்குத் தேவை நீண்ட விடுப்பா, வேறு நிறுவனமா, வேறு தொழிலா என்று பிரித்தறிய முடியாமல் இருக்கிறேன். பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் பணிசார்ந்த நிலையாக வகைப்படுத்திய உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு விளக்கம், களைப்பு, வேலையில் மனம் ஒட்டாமை, திறன் குன்றல் என மூன்று கூறுகளைச் சொல்கிறது; எனக்கோ இரண்டாவது மட்டுமே இருக்கிறது. மூன்று வார ஓய்வுக்குப் பிறகும், மேலாளர் மாறிய பிறகும் அது குறையவில்லை. பதவி உயர்வுச் செய்திகூட (வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது) அலுப்பையே தந்தது. துறை மாறியவர்கள், எந்த அறிகுறியை நம்பி முடிவெடுத்தீர்கள் என்பதையும், இருக்கும் வேலையை விடுவதற்கு முன் புதிய துறையைச் சிறிய அளவில் எவ்வாறு சோதித்துப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.