செங்கோட்டை பழைய வீட்டுக்கு வைஃபை: கேபிள் இழுப்பது பற்றி யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. செங்கோட்டையில் எங்களுடையது தெருவிலிருந்து கொல்லை வரை நீளும் ஓட்டு வீடு. சுவர்கள் ஒன்றரை அடி கனம். ஃபைபர் ரூட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. அங்கே வேகத்துக்குக் குறையில்லை. இரண்டாம் கட்டைத் தாண்டினால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வருவதே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒற்றைக் கோட்டில் நிற்கிறது. அம்மா இருப்பது கடைசி அறை. கொல்லத்திலிருந்து தங்கை வீடியோவில் அழைத்தால் பேத்தியின் முகம் பாதியில் உறைந்துவிடும். முழங்கால் வலியோடு அவர் போனைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு நடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் சாதாரண ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அனுப்பினால் வேகம் பாதியாகிவிடும். நடுக்கட்டிலும் பின்கட்டிலும் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி) வைத்து, ரூட்டரிலிருந்து கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுக்க நினைக்கிறேன். 100 மீட்டர் வரை போகும் என்பதால் நீளம் பிரச்சினையில்லை. சுவரைத் துளைக்காமல் உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோனால் எலி கடிக்குமே, பைப் போட்டால் போதுமா? சாரல் காலத்தில் ஓடு வேறு ஒழுகும்.

அப்புறம், 2.4-க்கு ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களைப் பிரித்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரும் பாஸ்வேர்டும் வைத்தால் நடக்கும்போது போன் தானாக மாறிக்கொள்ளுமா, முதலில் பிடித்ததையே விடாமல் தொங்குமா? தென்காசி, புனலூர் பக்கம் ஓட்டு வீட்டில் செய்து பார்த்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.