அய்யனார் காட்டில் சிமெண்டுத் தளம் வேண்டாம்

ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டைத் திருத்தித் தளம் போடவும், உடைந்த மண்குதிரைகளை அப்புறப்படுத்திவிட்டு வர்ணம் பூசிய சிமெண்டுக் குதிரைகள் நிறுத்தவும் வசூல் தொடங்குவதாகப் போன வாரம், வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நம் ஊரார் குழுவுக்கு மடல் வந்தது. அதற்கு ஒரு தம்பி, "இன்னுமா முனி, கருப்பு என்று அலைகிறீர்கள்? அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள்" என்று சுடச்சுட எழுதியிருந்தார். இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பியின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, காலமான பிறகு, வீட்டில் யார் பயணம் புறப்பட்டாலும் அப்பத்தா வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டைத் தாண்டி வரமாட்டார். பேரன் கடல் தாண்டிப் போகிறான். வளவு முழுக்கச் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். கதவோரத்தில் அவருடைய வெள்ளைச் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும். எதிரே வரக்கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் கொடுமை. இந்தச் சகுனம் ஒழிந்தால் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

பாம்புக்கடிக்கு மந்திரிப்பதும் அப்படித்தான். மலையடிவாரத்தில் விரியனும் நல்லபாம்பும் உண்டு. ஆனால் கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சில்லாதவை. நஞ்சுள்ள பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை. அதனால் வேப்பிலை அடித்தவர்களில் பலர் பிழைத்தார்கள், மந்திரித்தவருக்குப் பேர் வந்தது. உண்மையிலேயே நஞ்சு ஏறியவருக்கு அங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. 108-ஐக் கூப்பிட்டு, நஞ்சுமுறி மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வழி.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், எல்லா நம்பிக்கையையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கண்மாயில் வீசுவதற்கு நான் உடன்படமாட்டேன். சில வெறும் வேடிக்கை. பொழுது சாய்ந்து கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குவாளி மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டை வைத்துவிடுவார்கள். கறி வாசனைக்குப் பின்னால் வருவது கரியைக் கண்டு திரும்பிவிடுமாம். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்பார்கள். வட்டிக்கடைக்காரர்களின் சீமையில் அதையாவது விட்டுவையுங்கள்! புறப்படும் நாளில் நேரம் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் பார்க்கப் போனவர்கள் காலத்துப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் எதிர்வீட்டு அலமாரியில் ஓரிரவு தங்கிவிட்டு வந்த கதை நம் குழுவிலேயே சிலருக்கு உண்டு. புதுக் கார் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துப் படம் போடுகிறவர்களும் நாம்தான். ஊரில் இருப்பவர்களை மட்டும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்பது அழகில்லை.

இனி அய்யனார் காட்டுக்கு வருகிறேன். பிரான்மலைப் பக்கம் நின்று பாருங்கள். பாரி ஆண்ட பறம்பு இதுதான் என்கிறார்கள். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. அங்கிருந்து நம் ஊர் வரைக்கும் எத்தனை பழைய மரம் மிச்சம்? வெட்டி விறகாக்கினோம், கரிமூட்டம் போட்டோம், காலியான இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. இலுப்பையும் உசிலையும் குருந்தும் இன்னமும் நெருங்கி நிற்பது அய்யனார் எல்லைக்குள் மட்டும்தான். காய்ந்த சுள்ளியைப் பொறுக்கினாலும் சாமி கண்ணைக் குத்தும் என்று அஞ்சினார்கள். அடுப்புக்கு விறகில்லாத வீட்டுக்காரிகூட அதற்குள் கை வைக்கவில்லை. நள்ளிரவில் கருப்பர் குதிரையேறி வேட்டைக்குப் போகிறார், வழியில் நிற்காதே என்றார்கள்; அந்த நேரத்தில் காடு மனிதத் தொந்தரவில்லாமல் இருந்தது. கருப்பர் உண்டா இல்லையா என்று நான் வழக்காட வரவில்லை. வனக்காவலர் சம்பளம் வாங்கிச் செய்ய வேண்டியதை அந்தப் பயம் சம்பளமில்லாமல் செய்தது.

மண்குதிரைகளையும் பாருங்கள். மண்குதிரைகளைச் சுமந்துவந்து அய்யனாருக்கு நிறுத்தும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு முன், ஊரார் பிடிமண் என்று ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்தால்தான் குயவரான வேளார் குதிரை செய்யத் தொடங்குவார். செய்து சுட்டு, ஊர் கூடித் தூக்கிவந்து நிறுத்திவிட்டால் பிறகு யாரும் அதைப் பழுதுபார்ப்பதில்லை. காது போகும், கால் போகும், உள்கூடான வயிற்றில் ஓணான் குடியேறும். அடுத்த எடுப்புக்குப் புதியது பக்கத்தில் வந்து நிற்கும். குதிரை உடைவதால்தான் வேளாருக்கு மறுபடி வேலை. சிமெண்டுக் குதிரை வைத்தால் ஒரே தலைமுறையில் பிடிமண்ணும் போகும், வேளார் வீட்டுத் தொழிலும் போகும்.

நம்பிக்கை காத்த காட்டை அரசாங்கமும் இப்போது மதிக்கத் தொடங்கியிருக்கிறது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அழகர்மலையை ஒட்டிய காசம்பட்டி வீரகோயில் காடு, ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான், 2025-இல் அதே தகுதியைப் பெற்றது. இன்னும் கிட்டே, திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி 1977-இல் சரணாலயமானது; அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளைச் சமாதானப்படுத்திப் பட்டாசை நிறுத்துவது லேசான காரியமா?

ஆகவே என் கட்சி இதுதான். தளத்துக்கும் சிமெண்டுக் குதிரைக்கும் என் பங்கை எழுத வேண்டாம். அதே தொகையைக் குடிதண்ணீர் ஊருணியின் வரத்துக்காலில் அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலை வேரோடு எடுக்கவும், அடுத்த புரவியெடுப்பில் வேளாருக்கு நியாயமான கூலி கொடுக்கவும் எழுதிக்கொள்ளுங்கள். ஊருணிக்குள் செருப்புக் காலோடு இறங்கினால் தெய்வக்குற்றம் என்று ஒரு பலகையும் வைக்கலாம். 'அசுத்தம் செய்யாதீர்' என்ற பலகையைவிட அதற்கு மதிப்பு அதிகம். பள்ளிக்கூடத்துக்குத் தனியாகக் கொடுப்போம், தம்பி சொல்வது சரி. ஊரில் இருக்கும் பெரியவர்கள், குறிப்பாக வேளார் வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு யாராவது எழுதினால், வசூல் பட்டியலை அதன் பிறகு திறக்கலாம்.

அன்புடன்,
மேலத்தெருவான், ஈப்போவிலிருந்து