வளவில் கிடந்த இறகு: அடையாளம் காண உதவுங்கள்

பறவை ஆர்வலர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்), கல்தூண் ஒன்றின் அடியில், அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள சாம்பல்நிற இறகு ஒன்று கிடந்தது. அதன் நுனியை ஒட்டிக் கரும்பட்டை ஒன்று குறுக்கே ஓடுகிறது. தண்டின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அகலம். சிறகின் பறப்பிறகாக இருந்தால் ஒருபுறம் குறுகியிருக்கும் என்பதால், இதை மாடப்புறாவின் வாலிறகு என்றே கருதுகிறேன். இது சரிதானா?

பாறை இடுக்குகளில் வாழ்ந்த இனம் என்பதால் நம் உயரமான வீடுகள் அதற்கு இயல்பாகவே பொருந்திவிடுகின்றன. எங்கள் முகப்பு உத்தரத்தின் மேலும் ஓர் இணை, இரண்டு குஞ்சுகளுடன் இருக்கிறது. தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டித்தான் குஞ்சுகளை வளர்க்கின்றன என்பதால், பெற்றோரில் ஒன்று வல்லூறிடம் சிக்கியிருக்குமோ எனக் கவலைப்படுகிறேன். அடித்தண்டு முழுமையாக இருக்கிறது. தானாக உதிர்ந்த இறகையும் பிடுங்கப்பட்ட இறகையும் எவ்வாறு வேறுபடுத்துவது என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.