மொட்டை மாடிக் கொட்டகைக்குத் தகரம் எதற்கு, சோலார் பேனலையே கூரையாகப் போடலாமா?

வைகைக்கரை:
மதுரையில் வீடு. மாடியில் அம்மாவின் தையல் மெஷினுக்காக ஒரு கொட்டகை போடப் போகிறோம். மூன்று கிலோவாட் சோலாரும் வாங்குவதாக இருக்கிறோம், மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறது. கான்ட்ராக்டர் தகரம் வேய்ந்து அதன்மேல் பேனல் என்கிறார். ஒரு வெயிலுக்கு இரண்டு கூரையா? முன்னும் பின்னும் கண்ணாடி உள்ள 550 வாட் டபுள் கிளாஸ் பேனல் ஆறு வாங்கி, வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை அடுக்கினால் 15க்கு 11 அடி வருகிறது. அதுவே கூரையாக இருக்கட்டுமே என்பது என் கணக்கு. ஒழுகுமா? அப்புறம், மேற்குச் சுவர் சாயங்காலம் அடுப்பாகக் கொதிக்கிறது, அதிலும் பேனல் பதிக்கலாமா? கலர் பேனல், ஓடு மாதிரி பேனல் எல்லாம் ஆராய்ச்சியில் வந்துவிட்டது என்கிறார்களே, பொறுத்திருந்து அதையே வாங்கிக்கொள்ளலாமா?

பட்டறைக்காரர்:
தம்பி, 2022ல் மேலூர் பக்கம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் சிலிக்கோன் பசை அடைத்தேன். முதல் ஐப்பசி மழை தாங்கியது. அடுத்த வருஷம் பீரோ மேலேயே ஒழுகி, வீட்டுக்காரம்மா போட்ட போன் இன்னும் காதில் கேட்கிறது. கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கீழே உள்ள இரும்பும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. பசை கிழிந்துவிடும். இப்போதெல்லாம் அடைப்பை நம்புவதில்லை, தண்ணீருக்கு வழி விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் மடித்த தகரக் கால்வாய். குறுக்கு இணைப்பில் இறங்குவது நெடுக்குக் கால்வாயில் கொட்ட வேண்டும். ரப்பர் பட்டை மேலே இருக்கும், ஆனால் அது துணைக்குத்தான். அடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு கொடுங்கள், இல்லாவிட்டால் கீழ்ச் சட்டத்தோரம் புழுதி கட்டும். யாரையும் மேலே ஏறவிடாதீர்கள்.

வடகடல்:
உசிலம்பட்டியில் பிறந்து, கோபன்ஹேகனில் கட்டட முகப்பு வடிவமைக்கிற வேலை பார்க்கிறேன். உங்கள் கணக்கு சரிதான். அண்ணன் மழையைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் சூட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பேனலில் எழுதியிருக்கும் 550 வாட், அதற்குள் மின்சாரம் தயாரிக்கும் சில்லுகளான செல்கள் 25 டிகிரியில் இருக்கும்போது வருவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் போகும். சித்திரையில் உங்கள் மாடியில் 70 டிகிரி சாதாரணம். அப்போது சுமார் 460தான். பேனலைச் சுவரோடோ கூரையோடோ ஒட்டினால் இன்னும் மோசம். இந்தத் துறையில் பாதி ஆராய்ச்சி முதுகுப் பக்கத்துக் காற்றைப் பற்றியதுதான். ஸ்பெயினில் மத்தாரோ என்ற ஊரின் நூலகத்தில் 1990களிலேயே பேனல் சுவருக்குப் பின்னால் இடைவெளி விட்டு, அங்கே சூடாகும் காற்றைக் குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். மதுரையில் அந்தக் காற்று யாருக்கு வேண்டும்! உங்கள் கொட்டகை நான்கு பக்கமும் திறந்திருந்தால் அதுவே போதும். அழகுக்கென்று ஃபால்ஸ் சீலிங் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கலர் வந்துவிட்டது, உண்மை. இங்கே நோர்ட்ஹாவ்ன் துறைமுகத்தில் 2017ல் திறந்த சர்வதேசப் பள்ளியின் சுவரில் சுமார் 12,000 பேனல்கள், எல்லாம் கடல் நிறம். பள்ளிக்கு வேண்டிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் அவை தருகின்றன. சாயம் எதுவும் பூசவில்லை. கண்ணாடியில் படிந்த மெல்லிய அடுக்குகள் ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற ஒளியை உள்ளே விடுகின்றன, சோப்புக் குமிழியில் தெரிகிற நிறம் போல. முதல் தடவை பார்த்தபோது பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நின்றேன்.

ஆனால் அதைப் பார்த்து மதுரையில் சுவருக்கு ஆசைப்படாதீர்கள். இங்கே 55 டிகிரி அட்சரேகை, சூரியன் தாழ்ந்தே போகிறது, சுவரில் நேராக விழுகிறது. உங்களுக்கு உச்சியில் நிற்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் உங்களுக்கு வடக்கே போய்விடும், அந்த நேரத்தில் தெற்குச் சுவரில் நேர்வெயிலே இருக்காது. மேற்குச் சுவருக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. அதற்கு ஒரு வேப்பங்கன்று வையுங்கள். நம் ஊருக்குக் கூரைதான்.

ஓடு போன்ற பேனலை டவ் என்ற ரசாயன நிறுவனம் அமெரிக்காவில் 2011ல் விற்கத் தொடங்கி 2016ல் கைவிட்டது. சின்னச் சின்ன ஓடு என்றால் அத்தனை இணைப்பு, அத்தனை தலைவலி. பெரோவ்ஸ்கைட் என்று செல் செய்ய ஒரு புதுப் பொருள், 2009ல் ஜப்பானில் வெயிலில் 3.8 சதவீதத்தை மின்சாரமாக மாற்றுவதில் ஆரம்பித்து இப்போது ஆய்வுக்கூடத்தில் 25ஐத் தாண்டிவிட்டது. ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. கூரை என்றால் 25 வருஷமாவது நிற்க வேண்டாமா? காத்திருக்காதீர்கள்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே, அக்கா. அம்மாவுக்கு ஒரே சந்தேகம்: உள்ளே இருட்டாக இருக்குமா?

வடகடல்:
பின்புறமும் தெளிந்த கண்ணாடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். செல்களுக்கு நடுவே உள்ள சந்தில் வெளிச்சம் இறங்கித் தரையில் கட்டம் கட்டமாக விழும், வெயில் அதிகம் இராது. தரையில் வெள்ளை கூல் டைல்ஸ் போட்டால் கீழிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்திலும் கொஞ்சம் மின்சாரம் வரும். ஊசி கோர்க்க மட்டும் லைட் போட்டாக வேண்டும் என்று சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:
டபுள் கிளாஸ் ஒன்று 30 கிலோவுக்கு மேல் வரும், மாடிப்படி குறுகலா என்று அளந்து போடுங்கள் தம்பி. இரண்டேகால் மீட்டர் நீளம், திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும்.

வைகைக்கரை:
அளந்துவிட்டேன். திரும்பாது. கயிறு கட்டி வெளியே இருந்துதான் ஏற்ற வேண்டும்.