கண்டந்திப்பிலி தேடி ராசப்ப செட்டித் தெரு வரைக்கும்

தங்கைக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். பிரசவ லேகியம் கிளற அம்மா சீட்டு எழுதிக் கொடுத்தாங்க: சுக்கு, கண்டந்திப்பிலி, அரிசித்திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு, சதகுப்பை. ஒவ்வொண்ணுக்கும் எதிரே அரைப் பலம், கால் பலம்னு கணக்கு. வீடு சென்னை சோழிங்கநல்லூர். இங்கே இங்கிலீஷ் மருந்துக் கடை முக்குக்கு முக்கு இருக்கு, நாட்டு மருந்துக் கடை ஒண்ணும் கண்ணில் படலை. சூப்பர் மார்க்கெட்டில் கண்டந்திப்பிலின்னு கேட்டா, "எந்த கம்பெனி சார்?"ங்கிறான் அந்தப் பையன்.

கடைசியில் பாரிமுனைக்கே போயிட்டேன். ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம் முருகன் கோயிலை ஒட்டி வரிசையா நாட்டு மருந்துக் கடைகள், வாசல் வரைக்கும் மூட்டை. கடைக்காரப் பெரியவர் சீட்டில் பாதிகூடப் படிக்கலை. "பிள்ளை பெத்தவங்களுக்கா? தலைப்பிரசவமா?"ன்னார். பலம்னா எவ்வளவுன்னு கேட்டேன். "35 கிராம் தம்பி". அப்புறம் அவரே, "திப்பிலி இவ்வளவு போடாதீங்க, காரம் தாங்காது"ன்னு அளவைக் குறைச்சுட்டார். தன் வியாபாரத்தைத் தானே குறைச்சுக்கிற ஆளை எங்க ஏரியாவில் நான் பார்த்ததில்லை.

ஒரே தெருவில் இத்தனை கடை, எங்க பக்கம் ஒண்ணுகூட இல்லையே, ஏன்?

மண்ணடிக்காரன்: நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். பாரிமுனையைச் சுத்தியுள்ள ஜார்ஜ் டவுனில் தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெருன்னா காகிதம், தேவராஜ முதலித் தெருன்னா கண்ணாடி. கொத்தவால் சாவடி காய்கறி மொத்தமும் 1996-ல் கோயம்பேடு போச்சு. மருந்துச் சரக்கு நகரலை. காய்கறிக்கு ராத்திரி ராத்திரி லாரி வந்து நிக்கணும், திப்பிலி மூட்டைக்கு அந்த அவசரம் கிடையாது.

மயிலை மாமி: அவ்வளவு தூரம் எதுக்குப் போனேள்? வழியிலேயே மயிலாப்பூர்ல இறங்கியிருக்கலாமே. கச்சேரி ரோட்டுல டப்பா செட்டி கடை இருக்கே! தீபாவளிக்கு முந்தின வாரம் லேகிய சாமான் வாங்க நின்னு பாருங்கோ, கால் கடுத்துடும். நாட்டு மருந்துக் கடைக்காரா சாம்பிராணி, ஹோம சாமான் எல்லாம் விக்கறதால கோயிலை விட்டு நகர மாட்டா. பழைய கோயில், பழைய சந்தை, ரெண்டுல ஒண்ணு பக்கத்துல இருந்தா தேடிப் பாருங்கோ.

மேடவாக்கத்திலிருந்து: அந்த மாமி சொல்றது சரிதான். எங்க ஏரியாவில் மீன் மார்க்கெட் சந்துக்குள்ளே ஒண்ணு இருக்கு. வாசலில் கற்பூரமும் ஊதுபத்தியும் தொங்கும். பூஜை சாமான் கடைன்னு நினைச்சு ஆறு வருஷம் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். பையனுக்கு இருமல் விடாம இருந்தப்போ பக்கத்து வீட்டு ஆயாதான் கூட்டிட்டுப் போனாங்க. உள்ளே சுவர் முழுக்க டப்பா. போர்டில் "நாட்டு மருந்து"ங்கிற வார்த்தையே இல்லை. கூகுள் மேப்பில் தேடினா எப்படிக் கிடைக்கும்?

சோழிங்கநல்லூரான்: மேடவாக்கமா! அரை மணி நேரத்தில் முடிஞ்சிருக்கும், ஒரு நாள் லீவு போச்சு. பரவாயில்லை, லேகியம் கிளறியாச்சு. வால்மிளகு மிச்சம் கிடக்கு, இந்தப் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.