புறநகருக்குக் குடிபோகலாமா: 48 நிமிட ரயிலை எவ்வளவு நம்பலாம்?

ஜன்னலோரம் (கேள்வி)

வணக்கம். இரண்டு மாதமாக இதே யோசனைதான், தூக்கமே போய்விட்டது.

இப்போது இருப்பது நகரத்தின் நடுவில் இரண்டு அறை வாடகை வீடு. நான், மனைவி, ஆறு வயது மகன், என் அம்மா. அலுவலகத்துக்குப் பேருந்தில் 20 நிமிடம். புறநகரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஓர் அறை கூடுதல், பின்புறம் ஒரு பெரிய மரம், மகன் சைக்கிள் விட அகலமான தெரு. அலுவலகம் இருக்கும் பகுதிக்கு ரயிலில் 48 நிமிடம் என்கிறது அட்டவணை. "முக்கால் மணி நேரம்தான் சார், உட்கார்ந்து படித்துக்கொண்டே போய்விடலாம்" என்றார் வீட்டைக் காட்டியவர்.

ரயிலில் தினமும் போய்வருபவர்கள் சொல்லுங்கள், இது தாங்குமா? மனைவிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை, அதனால் அவளுக்குப் பயணம் இல்லை. கேட்டால் "உங்களுக்குச் சரி என்றால் எனக்கும் சரி" என்கிறாள். அந்தச் சரியில் எவ்வளவு சரி இருக்கிறது என்று பிடிபடவில்லை.

ஒற்றையடி

48 நிமிடம் ரயிலுடையது, உங்களுடையது இல்லை. வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். அதையும் திங்கட்கிழமை காலையில் பாருங்கள், மழை பெய்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்தவன் நான்.

மூன்றாம்பெட்டி

ஒன்பது வருடமாகச் சீசன் டிக்கெட்டோடு வாழ்கிறேன். என் ரயிலின் அட்டவணை நேரம் 41 நிமிடம். கதவிலிருந்து கதவுக்கு ஒரு மணி 25 நிமிடம் ஆகிறது. மீதி எங்கே போகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். நிலையத்துக்கு நடை 14, ரயில் தவறிவிடக் கூடாதே என்று முன்கூட்டிப் போய் நிற்பது 6, நடுவில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பது 8, அந்த ரயிலில் 7, இறங்கி நடப்பது 9. ஆக 44.

இதில் என்னை அரிப்பது ஓடும் ரயில் இல்லை, அந்த 8 நிமிடம். போக்குவரத்துத் திட்டமிடுபவர்களும் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் கழியும் ஏறக்குறைய இரண்டு நிமிடமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் ரயில் மாறாமல் போகும் 60 நிமிடத்தை, மாறிப் போகும் 48 நிமிடத்துக்கு மேலாக நினைக்கிறேன். உங்களுடையது நேர் ரயிலா? அதைச் சொல்லவில்லையே.

அப்புறம், காலை அட்டவணையை எல்லோரும் பார்க்கிறார்கள், இரவு அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பாதையில் காலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடும், இரவு ஒன்பதுக்கு மேல் 40 நிமிடத்துக்கு ஒன்று. 9:05 போய்விட்டால் 9:45தான். மேலாளர் கூட்டத்தை ஐந்து நிமிடம் இழுத்ததற்கு நான் 40 நிமிடம் கொடுத்த இரவுகள் எத்தனையோ.

இன்னொன்று, ரயில் புறப்படும் நிலையத்திலேயே வீடு கிடைத்தால் விடாதீர்கள். தூரம் கூடினாலும் உட்கார இடம் உண்டு. நான் அதற்கு இரண்டு நிறுத்தம் இப்பால் இருக்கிறேன், நகரத்துக்கு எட்டு நிமிடம் நெருக்கம். ஒன்பது வருடமாக நின்றுகொண்டே போகிறேன். "உட்கார்ந்து படித்துக்கொண்டே" என்று சொன்னவரை ஒரு நாள் எங்கள் பெட்டியில் ஏற்றிவிட வேண்டும்.

சேசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல், யாகோவ் சஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளரின் ஆய்வுகளை வைத்து ஒன்று எழுதினார். மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்களாம். வண்டி வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, வீடு தள்ளிப்போகிறது. போக வர சேர்த்து என் கணக்கு 2 மணி 50 நிமிடம். சராசரியைப் போல மூன்று மடங்கு கொடுக்கிறேன்.

புரூனோ ஃபிரை, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் திரட்டிய தரவுகளை அலசி 2008இல் வெளியிட்ட கட்டுரை இதைவிடச் சுடும். நீண்ட பயணத்தை நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ ஈடுகட்டிவிடும் என்பதுதான் புத்தகக் கணக்கு. தரவில் அப்படி வரவில்லை. பயண நேரம் கூடியவர்களிடம் மனநிறைவு குறைந்தே இருந்தது. எனக்கு அது பாதிதான் பொருந்துகிறது. ஞாயிறன்று மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும்போது பொருந்தவே பொருந்தாது. புதன்கிழமை மாலையில் முழுக்கப் பொருந்தும்.

(தினமும் போய்வருபவரைக் குறிக்கும் கம்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல்லே அமெரிக்க ரயில்களின் சீசன் டிக்கெட்டிலிருந்து வந்தது. தினப் பயணிக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்த டிக்கெட்டுக்கு அங்கே கம்யூட்டேஷன் டிக்கெட் என்று பெயர். தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கூட்டத்தில் நசுங்கும்போது இதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.)

பகல்வாசி

எல்லோரும் ரயிலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். கேள்வியின் கடைசி இரண்டு வரியை யாரும் தொடவில்லை.

சகோதரரே, உங்கள் மனைவிக்குப் பயணம் இல்லை என்கிறீர்கள். சரி, பகல் முழுக்க அந்த இடத்தில் இருக்கப்போவது யார்? என் கணவர் காலை 6:50க்குக் கிளம்பி இரவு 8:30க்குத் திரும்புவார். எங்கள் தெருவை அவர் வெளிச்சத்தில் பார்ப்பது வாரம் இரண்டு நாள்தான். அவரைக் கேட்டால் அமைதியான இடம் என்பார். அந்த அமைதியில் பதினோரு மணிக்கு நான் வெளியே வந்தால், பூட்டிய கேட்டுகள்தான் வரிசையாக நிற்கும்.

எங்கள் பகுதிப் பேருந்து ரயிலுக்காகவே ஓடுவது. காலையும் மாலையும் நிறைய, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. மருந்துக்கடை மூன்று கிலோமீட்டர். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் போக வேண்டியது எப்போதும் நான். அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகுமே! ஒரு முறை முக்கியமான அலுவலகக் கூட்டத்தின் நடுவில் கேமராவை அணைத்துவிட்டு ஓடினேன். அவருடைய பயணத்தில் பாதியை நான்தான் சுமக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வெறுத்துப்போய்ச் சொல்லவில்லை. முதல் வருடம் அழுதேன், இரண்டாம் வருடம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன், அதற்கப்புறம் இந்த இடம் என்னுடையதாகிவிட்டது. இன்றைக்குத் திரும்பிப் போகலாம் என்று அவர் சொன்னால் மாட்டேன் என்பேன். ஆனால் அந்த ஸ்கூட்டரை முதல் மாதமே வாங்கியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மனைவியையும் அம்மாவையும் அங்கே அனுப்புங்கள். நீங்கள் கூடப் போகாவிட்டால் இன்னும் நல்லது. பேருந்தில் போய், ஒரு மாத்திரை அட்டை வாங்கிக்கொண்டு, பேருந்திலேயே திரும்பட்டும்.

ஸ்டியரிங்

காரில் போக நேர்ந்தால் மட்டும்: வீடு நகரத்துக்கு மேற்கே இருந்தால் காலையில் சூரியன் முகத்தில், மாலையிலும் முகத்தில். கிழக்கே இருந்தால் இரண்டு வேளையும் முதுகில். நான் மேற்கே வாங்கிவிட்டேன்.

ஜன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. நேர் ரயில்தான், மாற வேண்டியதில்லை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன், கதவிலிருந்து கதவுக்கு 1 மணி 20 நிமிடம். நிலையத்துக்கு நடை மட்டும் 19. உட்கார இடம் கிடைக்கவில்லை, படிக்கவும் இல்லை.

நேற்று மனைவியும் அம்மாவும் போய் வந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் 50 நிமிடம் காத்திருந்தார்களாம். அம்மாவுக்கு மரம் பிடித்துவிட்டது, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். மனைவி இரவு எல்லோரும் படுத்த பிறகு, "நிலையத்துக்குப் பக்கத்தில் இதைவிடச் சின்னதாக ஒரு வீடு இருக்கிறதாம், இரண்டு அறைதான், ஆனால் நடந்தே மருந்துக்கடைக்குப் போகலாம். திரும்பும்போது நானே விசாரித்தேன்" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் இதைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டோம், ஒரு வருடம் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை 9:45 ரயிலில் போய் இறங்கி, நிலையத்திலிருந்து அந்த வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா என்று நடந்து பார்க்கப்போகிறேன்.